டீசல் படகு அமைதியானது என்றால் அணு உலை எதற்கு?

9 மார்ச் 2025, காலை

வாசகர் ஒருவரின் கேள்வி: "டீசல்-மின்சார நீர்மூழ்கிதான் சத்தமே இல்லாதது, ஸ்வீடன் நாட்டுப் படகு ஒன்று பயிற்சியில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலையே 'மூழ்கடித்தது' என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். அது உண்மையென்றால், பல மடங்கு விலை கொடுத்து ஓர் அணு உலையைக் கடலுக்குள் இறக்குவது வெறும் கௌரவத்துக்காகத்தானே? சுற்றி வளைக்காமல் யாராவது பதில் சொல்லுங்கள்."

9 மார்ச், இரவு

கௌரவத்துக்காக இல்லை. வேகத்துக்காக.

டீசல் படகு அமைதியானது என்ற கூற்றில் பாதிதான் சொல்லப்படுகிறது. அது பேட்டரியில், மூன்று நான்கு நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அமைதியானது. அப்போது உள்ளே சுழல்வது மின்மோட்டாரும் சில சிறிய பம்புகளும் மட்டுமே. அணு நீர்மூழ்கியிலோ உலையின் வெப்பத்தை எடுத்துச் செல்லும் பம்பு, நீராவி டர்பைன், டர்பைனின் வேகத்தைப் படகைத் தள்ளும் சுழலிக்கு ஏற்றவாறு குறைக்கும் பெரிய பற்சக்கரப் பெட்டி ஆகியவை ஏதோ ஓர் அளவில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. படகு நின்றாலும் அவற்றை முழுதாக ஓய்த்துவிட முடியாது. இதுவரை கேள்வி கேட்டவர் சொல்வது சரி.

ஆனால் அதே டீசல் படகு பேட்டரியை நிரப்புவதற்காக மேலே வந்து, காற்றை உள்ளிழுக்கும் ஸ்னார்க்கல் குழாயை நீர்மட்டத்துக்கு மேல் நீட்டி, டீசல் இன்ஜினை ஓட்டத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். வாழ்நாளெல்லாம் சரக்குக் கப்பல்களின் இன்ஜின் அறையில் கழித்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்வேன்: டீசல் இன்ஜினை எத்தனை ரப்பர் மெத்தையின் மீது நிறுத்தினாலும் அதன் அதிர்வில் ஒரு பகுதி படகின் வெளிச்சுவர் வழியாக நீருக்குப் போயே தீரும். போதாததற்குக் குழாயின் தலை ராடாரில் தெரியும், புகையின் வெப்பமும் தெரியும். எனவே ஒரு டீசல் படகின் நாளை 'அமைதி நேரம்', 'அம்பலப்படும் நேரம்' என்று இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பிடுவது நியாயமில்லை.

10 மார்ச்

பேட்டரிக் கணக்கைக் கேட்டிருக்கிறார்கள். நம் கடற்படையிடம் உள்ள சிந்துகோஷ் வகையையே எடுத்துக்கொள்வோம். 1986 முதல் ரஷ்யாவிலிருந்து வந்தவை, உலகம் கிலோ வகை என்று அழைப்பவை. பேட்டரியை மட்டும் நம்பி 3 நாட் வேகத்தில் சுமார் 400 கடல்மைல் போகலாம் என்பது அவற்றின் அறியப்பட்ட அளவு. 400-ஐ 3-ஆல் வகுத்தால் 133 மணி நேரம், அதாவது ஐந்தரை நாள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். நீருக்குள் ஒரு பொருளைத் தள்ளத் தேவையான திறன், ஏறக்குறைய வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. 5 நாட்டிலிருந்து 10 நாட்டுக்கு எட்டு மடங்கு, 15 நாட்டுக்கு இருபத்தேழு மடங்கு. இதோடு இன்னொரு தொல்லையும் சேர்கிறது: ஈய-அமில பேட்டரியிலிருந்து எவ்வளவு வேகமாக மின்சாரத்தை உறிஞ்சுகிறோமோ, அந்த அளவுக்கு அது தரும் மொத்த அளவும் குறைந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் இரண்டு மின்விசிறியும் ஒரு விளக்கும் இரவு முழுக்க ஓடும். அதிலேயே தண்ணீர் மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பழைய மின்வெட்டுக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிலோ வகையின் உச்ச வேகம் 17 நாட் என்று பட்டியலில் பார்த்துவிட்டு மகிழ்பவர்கள், அந்த வேகத்தில் பேட்டரி ஓரிரு மணி நேரம்கூடத் தாங்காது என்பதையும் அதே பட்டியலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆகவே டீசல் படகின் தலைவர் ஒவ்வொரு முடிவிலும் பேட்டரியில் மீதம் எவ்வளவு என்பதைப் பார்த்த பிறகே மற்றதைப் பார்ப்பார். இலக்கை நெருங்க அவர் செலவழிப்பது, தாக்கிய பிறகு தப்பிப்பதற்கு வைத்திருந்த கையிருப்பைத்தான். அணு நீர்மூழ்கியின் தலைவருக்கு இந்தக் கணக்கு கிடையாது. எல்லா வேறுபாடுகளும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

10 மார்ச், சற்று கழித்து

"அப்படியானால் இன்னும் நிறைய பேட்டரியை வைக்க வேண்டியதுதானே?" என்று ஒருவர் கேட்கிறார். வைத்துத்தான் இருக்கிறார்கள். விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரையில் 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் ஐஎன்எஸ் குர்சுராவுக்குள் போனவர்கள், வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டே தங்கள் காலடித் தளத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும். அது ஃபாக்ஸ்ட்ராட் என்ற சோவியத் டீசல் வகை. 1969-இல் சேவையில் சேர்ந்து 2001-இல் ஓய்வு பெற்றது. மொத்தம் ஏழு பகுதிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வட்டமான துளை வழியாகக் காலை முதலில் விட்டு, தலையைக் குனிந்து போக வேண்டும். இரண்டாம் பகுதியிலும் நான்காம் பகுதியிலும் ஆட்கள் படுத்து உறங்கும் தளத்துக்கு அடியில்தான் பேட்டரி; மொத்தம் 448 செல்கள். அதிகாரியின் படுக்கைக்குக் கீழே அமிலம், சமையலறைக்குக் கீழேயும் அமிலம். நான் போனபோது மேசையையும் படுக்கையையும் கண்ணாடிப் பேழைகளையும் எல்லோரும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். பேட்டரிக் குழியின் மூடியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. படகின் பாதிக் கதை அதற்குள் இருக்கிறது.

இடையில் ஒன்று. இப்படியொரு படகைத் தமிழ்நாட்டில் பார்த்திருக்க வேண்டியவர்கள் நாம். ஐஎன்எஸ் வாக்லி 2010-இல் ஓய்வு பெற்றதும் மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக நிற்கும் என்றார்கள். நிற்கவில்லை.

12 மார்ச்

"கணக்கெல்லாம் சரி, நடந்த கதை ஒன்று சொல்லுங்கள்" என்றால், 1962 அக்டோபரைச் சொல்லலாம். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் எழுந்த நெருக்கடியின்போது சோவியத் நாடு தன் வடகோடியிலிருந்து நான்கு ஃபாக்ஸ்ட்ராட் படகுகளைக் கரீபியப் பக்கம் அனுப்பியது: பி-4, பி-36, பி-59, பி-130. குர்சுராவின் அக்காள் தங்கைகள். பனிக்கடலுக்காகக் கட்டப்பட்டவை வெதுவெதுப்பான நீருக்குள் போனதும் உள்ளே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியது. குடிநீரை அளந்து கொடுத்தார்கள். அமெரிக்கக் கப்பல்களும் விமானங்களும் மேலே வலைவீசிக்கொண்டிருந்ததால் ஸ்னார்க்கல் போட வழியில்லை. பேட்டரி இறங்க இறங்க, காற்றோட்ட விசிறியைக்கூட அணைத்து வைக்கும் நிலை வந்தது. அக்டோபர் 27 அன்று பி-59-ஐச் சுற்றிவளைத்த அமெரிக்கக் கப்பல்கள் 'மேலே வா' என்று உணர்த்தச் சிறு வெடிகளைப் போட்டன. உள்ளிருந்தவர்களுக்கு அவை சமிக்ஞையா போரா என்று தெரியாது. அந்தப் படகில் அணுகுண்டு பொருத்திய டார்பிடோ ஒன்று இருந்தது.

படகின் தலைவர் சவிட்ஸ்கி அதை ஏவத் தயாரானதாகவும், உடனிருந்த வாசிலி அர்கிப்போவ் அவரைத் தணித்ததாகவும் படகிலிருந்த அதிகாரி வாடிம் ஆர்லோவ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கடைசியில் படகு மேலே வந்தது. நான்கில் மூன்று படகுகள் அமெரிக்கர்களின் கண்முன்னே மேலே வர நேர்ந்தது. பி-130-இன் மூன்று டீசல் இன்ஜின்களும் பழுதாகி, இழுவைக் கப்பல் துணையோடுதான் ஊர் திரும்பியது.

இங்கே என்னை எப்போதும் நிறுத்தி வைப்பது அர்கிப்போவின் முந்தைய ஆண்டு. 1961 ஜூலை 4 அன்று கே-19 என்ற சோவியத் அணு நீர்மூழ்கியில், உலையைக் குளிர்விக்கும் குழாய்ப் பாதையில் கசிவு ஏற்பட்டது. மாற்றுக் குளிர்விப்பு ஏற்பாடு அதில் இல்லை. மாலுமிகள் உலையறைக்குள் போய், கிடைத்த குழாயைப் பற்றவைத்துத் தண்ணீர் விட்டார்கள். அவர்களில் எட்டுப் பேர் மூன்று வாரத்துக்குள் கதிர்வீச்சால் இறந்தார்கள். அந்தக் கப்பலின் துணைத் தலைவராக இருந்தவர் இதே அர்கிப்போவ். பதினாறு மாதங்களுக்குள் ஒரே மனிதர் அணு உலை தரும் சாவையும், பேட்டரி தீர்ந்துபோவது தரும் நெருக்கடியையும் பார்த்துவிட்டார். எது மேல் என்று கேட்க வேண்டுமானால் அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

13 மார்ச்

1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்துப் போரை யாராவது எடுப்பார்கள் என்று காத்திருந்தேன், எடுத்துவிட்டார்கள். இரண்டு வகைப் படகுகளும் ஒரே கடலில் ஒரே மாதத்தில் சண்டையிட்ட இடம் அதுதான் என்பதால், இந்தக் குறிப்பு நீளும்.

முதலில் பயணம். பிரிட்டனின் அணு நீர்மூழ்கி கான்கரர் 1982 ஏப்ரல் 4 அன்று ஸ்காட்லாந்திலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் தென் அட்லாண்டிக் தீவான தென் ஜார்ஜியாவின் அருகில் இருந்தது. பிரிட்டனின் டீசல் படகு ஆனிக்ஸ் ஏப்ரல் கடைசியில் புறப்பட்டு, மே மாதக் கடைசியில்தான் ஃபாக்லாந்தை எட்டியது. அதே கடற்படை, அதே பயிற்சி, ஏறக்குறைய அதே எண்ணாயிரம் கடல்மைல். ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம், மற்றதற்கு ஏறத்தாழ ஐந்து வாரம். ஆனிக்ஸ் வந்து சேர்ந்தபோது போரின் பெரும்பகுதி முடிந்திருந்தது. ஆனாலும் ஆழம் குறைந்த கரையோரத்தில் சிறப்புப் படையினரை இறக்கும் வேலைக்குச் சிறிய படகான அதுவே வசதி. அந்த வேலையை அது செய்தது.

இனி சண்டை. கான்கரர் அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ கப்பலைக் கண்டுபிடித்து, ஒரு நாளுக்கு மேல் பின்தொடர்ந்து, மே 2 அன்று தாக்கியது. 323 பேர் இறந்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் 'பின்தொடர்ந்து' என்ற ஒரு சொல். ஓடும் போர்க்கப்பலின் பின்னால் நீருக்குள்ளேயே ஓடி, சற்று நின்று நீருக்குள் ஒலி கேட்கும் கருவியான சோனாரால் கேட்டு, மீண்டும் ஓடிப் பிடிப்பது டீசல் படகால் ஆகாத வேலை. அன்று மாலைக்குள் அதன் பேட்டரி கையை விரித்திருக்கும். பெல்கிரானோ மூழ்கியதும் அர்ஜென்டினாவின் பெரிய கப்பல்கள் கரையோரத்துக்குத் திரும்பின. போர் முடியும்வரை வெளியே வரவில்லை. அணு நீர்மூழ்கி ஒன்று அந்தப் பகுதியில் இருக்கலாம் என்ற எண்ணமே ஒரு கடற்படையைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டது.

எதிர்ப்பக்கம் சான் லூயிஸ் என்ற டீசல் படகு, ஜெர்மன் வடிவமைப்பில் வந்த 209 வகை. அதன் இன்ஜின்களில் ஒன்று ஓடவில்லை, டார்பிடோவைக் குறிபார்த்து அனுப்பும் கணினி பழுது, ஏவிய டார்பிடோ எதுவும் கப்பலைத் தாக்கவில்லை. ஆனாலும் அது பிரிட்டிஷ் கடற்படையைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கடலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதைத் தேடி டார்பிடோக்களும் ஆழ்வெடிகளும் அள்ளி வீசப்பட்டன. அவற்றில் சில திமிங்கிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. சான் லூயிஸ் பத்திரமாக வீடு திரும்பியது. அதன் டார்பிடோக்கள் ஒழுங்காக வேலை செய்திருந்தால் இந்த இரண்டு வகைகளைப் பற்றி உலகம் இன்று வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

டீசல் படகு ஓரிடத்தில் காத்திருந்து அங்கே வருகிறவனைக் கலங்கடிக்கிறது. அணுப்படகு போகிறவனைத் தேடிப் போகிறது. இரண்டும் வெவ்வேறு தொழில்கள்.

13 மார்ச், இரவு

ஒரு கொசுறு. அணு உலையால் ஓடிய கான்கரர், பெல்கிரானோவை வீழ்த்த எடுத்த டார்பிடோ மார்க் 8. இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய வடிவமைப்பு. புதிய வகை டார்பிடோ கையில் இருந்தும் நம்பிக்கையான பழையதையே தேர்ந்தெடுத்தார்கள். இன்ஜின் அறைக்காரர்கள் இதைப் படித்து மனம் குளிரலாம்.

16 மார்ச்

"அணு நீர்மூழ்கி என்றால் மிதக்கும் செர்னோபில்" என்று ஒருவர். கே-19-ஐ நானே மேலே எழுதியிருக்கிறேன். 1985 ஆகஸ்டில் விளாடிவஸ்டாக் அருகே கே-431-இல் எரிபொருள் மாற்றும்போது நிகழ்ந்த வெடிப்பில் பத்துப் பேர் இறந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரிய இழப்புகளின் பட்டியலை எடுத்தால் உலையின் பெயர் அடிக்கடி வருவதில்லை. 118 பேரைக் கொண்டுபோன ரஷ்ய அணு நீர்மூழ்கி குர்ஸ்க்கின் விபத்துக்குக் காரணம் டார்பிடோ. பின்னாளில் நம்மிடம் குத்தகைக்கு வந்து ஐஎன்எஸ் சக்ரா ஆன நெர்ப்பாவில், 2008 நவம்பரில் சோதனை ஓட்டத்தின்போது இருபது பேர் இறந்தது தீயணைப்பு வாயு தவறுதலாகத் திறந்துகொண்டதால்.

மறுபக்கம், பேட்டரி ஒன்றும் சாது அல்ல. நிரப்பும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கைத் தொட்டால் ஒரு பொறி போதும். கடல்நீர் பட்டால் குறுக்குச்சுற்று, தீ, நச்சு வாயு. 2017 நவம்பர் 15 அன்று அர்ஜென்டினாவின் சான் ஹுவான் படகிலிருந்து வந்த செய்தி, ஸ்னார்க்கல் வழியே புகுந்த நீர் பேட்டரியை எட்டித் தீ மூண்டது என்பதாகும். பின்னர் 44 பேரோடு படகு காணாமல் போனது. ஓராண்டு கழித்து 900 மீட்டருக்கும் கீழே கிடைத்தது. நம் ஊரில் 2010 பிப்ரவரியில் சிந்துரக்‌ஷக்கில் பேட்டரி ஹைட்ரஜனால் தீ, ஒரு மாலுமி சாவு. 2014 பிப்ரவரி 26 அன்று சிந்துரத்னாவில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். கடற்படைத் தளபதி டி.கே. ஜோஷி அன்றே பதவி விலகினார்.

நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் அவசரகால பேட்டரி அறையின் காற்றுப்போக்கி எரிந்துபோய், துறைமுகம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அந்த அறைக் கதவைத் திறந்ததும் மூக்கைச் சுட்ட அமில நெடியை இன்றும் மறக்கவில்லை. அங்கே இருந்தவை லாரிக்குப் போடும் அளவு பேட்டரிகள் சில மட்டுமே. படுக்கைக்குக் கீழே நூற்றுக்கணக்கான பெரிய செல்களை வைத்துக்கொண்டு உறங்குகிறவர்களை அன்றிலிருந்து மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

உலையின் தனித்தொல்லை வேறு வகை: அதை அணைத்தாலும் அது அணைவதில்லை. நிறுத்திய கணத்தில் முழுத்திறனில் 6, 7 சதவீத வெப்பம் வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் போன பிறகும் அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். 83 மெகாவாட் உலையில் அரை சதவீதம் என்றால் நானூறு கிலோவாட்டுக்கு மேல். அதை யாராவது எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் துறைமுகத்தில் கட்டிய அணு நீர்மூழ்கியிலும் இரவு பகலாகக் காவல் முறை உண்டு. டீசல் படகைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வந்தேன். ஹைட்ரஜனை எழுதிய கையோடு அப்படிச் சொல்வது அழகல்ல.

18 மார்ச்

இனி அந்த ஸ்வீடன் படகு. காட்லாண்ட் 2005 முதல் 2007 வரை சான் டியகோவில் அமெரிக்கக் கடற்படையோடு பயிற்சி செய்ததும், ரொனால்ட் ரீகன் விமானந்தாங்கியை நெருங்கி 'வீழ்த்தியதும்' உண்மை. ஆனால் அதை வெறும் டீசல் படகு என்பது பொருந்தாது. திரவ ஆக்சிஜனையும் டீசலையும் கொண்டு, வெளிக்காற்று இல்லாமலே ஓடும் ஸ்டர்லிங் இன்ஜின்கள் இரண்டு அதில் உண்டு. ஜெர்மனியின் 212 வகையில் அதே வேலையை எரிபொருள் மின்கலம் செய்கிறது. அவ்வகையைச் சேர்ந்த யு-32 படகு 2013-இல் அட்லாண்டிக்கைக் கடக்கையில் பதினெட்டு நாள் நீருக்குள்ளேயே இருந்தது. ஆகவே 10-ஆம் தேதி நான் போட்ட ஐந்தரை நாள் கணக்கு, இந்தத் துணை இல்லாத படகுகளுக்கானது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருந்தும், கூட்டியது நேரத்தைத்தான், வேகத்தை அல்ல. காட்லாண்டின் ஸ்டர்லிங் இன்ஜின் ஒவ்வொன்றும் 75 கிலோவாட். இரண்டும் சேர்ந்து 150. அமெரிக்காவின் வர்ஜீனியா வகை அணு நீர்மூழ்கியின் சுழலித் தண்டுக்குப் போவது சுமார் முப்பதாயிரம் கிலோவாட். 150 கிலோவாட்டில் ஐந்து நாட் வேகத்தில் மிதக்கலாம். விமானந்தாங்கி 30 நாட்டில் ஓடத் தொடங்கினால் அதைப் பார்த்துக் கையசைக்கலாம். பயிற்சியில் விமானந்தாங்கி அந்தப் பகுதிக்குள் வந்தது, படகு அங்கே இருந்தது. மறுபடியும் காத்திருக்கும் தொழில்தான். அதை மிகத் திறமையாகச் செய்தார்கள்.

ஜப்பான் வேறு வழியில் போகிறது. 2020-இல் சேவைக்கு வந்த ஓர்யூ படகில் ஸ்டர்லிங்கை நீக்கிவிட்டு லித்தியம்-அயான் பேட்டரியை நிரப்பினார்கள். விரைவாக நிரம்பும் என்பதால் ஸ்னார்க்கல் நேரம் குறையும். வேகமாக உறிஞ்சினாலும் ஈய-அமிலம் அளவுக்குக் களைக்காது. இந்த இரு வகைக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கொஞ்சமாவது நிரப்பக்கூடியது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

19 மார்ச்

"டீசல் படகால் தொலைவு போகவே முடியாது என்கிறீர்களா?" இல்லை. போகும், மெதுவாக, மேலே வந்து வந்து போகும். பாகிஸ்தானின் காஜி 1971 நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்டு, இந்தியாவைச் சுற்றிக்கொண்டு வங்கக்கடலுக்கு வந்தது. அமெரிக்கர்கள் பசிபிக் போருக்காகக் கட்டிய டெஞ்ச் வகை. பாகிஸ்தானிடம் அவ்வளவு தூரம் வரக்கூடிய படகு அது ஒன்றே. நம் விமானந்தாங்கி விக்ராந்த்தைத் தேடி முதலில் சென்னைக்கு அப்பால் திரிந்தது. விக்ராந்த்தோ அந்தமானில் இருந்தது. விசாகப்பட்டினத்தில் இருப்பது போலப் போலிச் செய்திகள் பறந்தன. டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்தின் வாசலில் காஜி வெடித்து மூழ்கியது. ஐஎன்எஸ் ராஜ்புத்தின் ஆழ்வெடியா, தன் கண்ணிவெடியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

அதே போரில் டிசம்பர் 9 அன்று, டையூவுக்கு அப்பால் ஹங்கோர் என்ற டீசல் படகு நம் ஐஎன்எஸ் குக்ரியை மூழ்கடித்தது. கேப்டன் முல்லாவோடு 194 பேர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்: டையூவுக்கு அப்பால் காத்திருந்த படகுக்கு இரை கிடைத்தது, நகரும் விமானந்தாங்கியைத் தேடி ஊர் சுற்றி வந்த படகுக்குக் கிடைக்கவில்லை.

22 மார்ச்

9-ஆம் தேதி 'வேகத்துக்காக' என்று ஒரே சொல்லில் முடித்தேன். அணு ஏவுகணை தாங்கும் நம் அணு நீர்மூழ்கி அரிஹந்த்தை நினைத்தால் அது போதவில்லை. ஏவுகணை தாங்கும் படகு வேகமாக ஓடவே ஓடாது. எங்கோ ஆழத்தில், யார் கண்ணிலும் படாமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பதே அதன் பணி. அதற்கு வேண்டியது மேலே வரத் தேவையில்லாத நிலை. சோவியத் நாடு டீசல் படகிலும் அணு ஏவுகணை வைத்துப் பார்த்தது. 1968-இல் பசிபிக்கில் தொலைந்த கே-129 அப்படிப்பட்டது. எதிரி முதலில் அணுகுண்டு போட்டால் திருப்பித் தாக்குவதற்கு நம்பியிருக்கும் படகு பேட்டரி நிரப்பத் தினமும் மூக்கை வெளியே நீட்டினால் அதன் நோக்கமே கெட்டுவிடும்.

இந்த இடத்தில் தமிழ்நாடு தானாகவே உள்ளே வருகிறது. அரிஹந்த்தின் உலைக்கு நிலத்தில் அமைத்த முன்மாதிரி கல்பாக்கத்தில்தான் ஓடியது. 2009-இல்தான் வெளியே சொன்னார்கள். கப்பலின் உலை 2013 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது, 2016-இல் கப்பல் சேவைக்கு வந்தது. ஆழத்திலிருக்கும் படகுக்குச் செய்தி சொல்ல, 1990 முதல் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இயங்குகிறது. மிகக் குறைந்த அதிர்வெண் அலைகள் கடல்நீருக்குள் சில பத்து மீட்டர்தான் இறங்கும். படகு ஒரு நீண்ட கம்பியை மேலே மிதக்கவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். மூக்கை நீட்டாமலே காதை நீட்டலாம். கரையில் எவ்வளவு உயரமான கோபுரம் கட்டினாலும் செய்தி மெதுவாகத்தான் போகும் என்பது வேறு கதை.

25 மார்ச்

விலையைப் பற்றிச் சுருக்கமாக. ஆஸ்திரேலியா 2016-இல் பிரான்ஸின் பாரகுடா என்ற அணு நீர்மூழ்கி வடிவத்தை எடுத்து, அதில் உலைக்குப் பதிலாக டீசலைப் பொருத்திப் பன்னிரண்டு படகுகள் கேட்டது. 2021 செப்டம்பரில் அதை ரத்து செய்துவிட்டு அமெரிக்கா, பிரிட்டனோடு அணுப்படகுக்கே போனது. மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து தென்சீனக் கடலுக்கு மூவாயிரம் கடல்மைல் என்று வைத்தால், 8 நாட்டில் போக பதினைந்தரை நாள், 20 நாட்டில் ஆறேகால் நாள், திரும்பவும் அவ்வளவு. பால்டிக் கடலிலிருக்கும் ஸ்வீடனுக்கு இந்தக் கணக்கே எழாது. வாசலிலேயே சண்டை என்றால் அணு உலை வீண்செலவு.

வாங்கும் விலையைச் சொல்கிறவர்கள் கழிக்கும் விலையைச் சொல்வதில்லை. பிரிட்டனின் முதல் அணு நீர்மூழ்கி ட்ரெட்நாட் 1980-இல் ஓய்வு பெற்றது. ரொசைத் கப்பல்துறையில் இன்னும் கட்டிக்கிடக்கிறது. 2025 தொடக்கம் வரை பிரிட்டன் ஓர் அணு நீர்மூழ்கியைக்கூட முழுதாக உடைத்து முடிக்கவில்லை.

29 மார்ச்

"அணு நீர்மூழ்கியில் டீசல் இன்ஜினே கிடையாதா?" என்ற கடைசிக் கேள்விக்கு: உண்டு. உலை நின்றுபோனால் அதைக் குளிர்விக்கவும், மறுபடி இயக்கவும் மின்சாரம் வேண்டுமல்லவா. வர்ஜீனியா வகையில் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் பன்னிரண்டு சிலிண்டர் டீசல் ஜெனரேட்டர் ஒன்றும், ஒரு பெரிய பேட்டரியும், ஸ்னார்க்கல் குழாயும் இருக்கின்றன. உலை நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு மேலே வந்து டீசலை ஓட்டும் பயிற்சியை அந்த மாலுமிகள் அடிக்கடி செய்தாக வேண்டும். பேட்டரி அறையில் ஹைட்ரஜன் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் வேலையும் அவர்களுக்கு உண்டு.